வாசகர் கேள்வி: சிற்றாலயத்தை ஊருக்குத் திறக்கலாமா?

கேள்வி: சாத்தான்குளத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் ஒரு சிறிய சி.எஸ்.ஐ. ஆலயம் இருக்கிறது. பல குடும்பங்கள் சென்னைக்கும் மும்பைக்கும் பிழைக்கப் போய்விட்டதால் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் மிகச் சிலரே. மாலையில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும், எந்தச் சமயத்தாராயினும், அங்கே அமர்ந்து படிக்கவும், அவ்வப்போது மருத்துவ முகாம் நடத்தவும் இடம் கொடுக்கலாம் என்கிறோம் நாங்கள். பெரியவர்களோ, “ஜெபிக்கிற இடத்தைச் சத்திரமாக்காதீர்கள்” என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— வாசகர், சாத்தான்குளம் வட்டம்

பதில்: பெரியவர்களின் தயக்கம் மதிக்கத் தக்கது. ஆனாலும் நெல்லைச் சீமையின் பழைய வழக்கத்தைப் பார்த்தால், நீங்கள் கேட்பது புதுமையே அல்ல. பாளையங்கோட்டையில் பிராமணக் குலத்தில் பிறந்து கிறிஸ்தவரான குளோரிந்தா அம்மையார் கட்டி, 1785-இல் ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்த சிற்றாலயத்தை ஊரார் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே அழைக்கிறார்கள். அந்த அம்மையாரின் பெயர் ஆலயத்தோடு மட்டும் நிற்கவில்லை, ஒரு கிணற்றோடும் பள்ளியோடும் சேர்த்தே நினைக்கப்படுகிறது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரின் காலத்தில், ஓர் ஊரார் வேதம் கற்பிக்கும் உபதேசியார் வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் அங்கே முதலில் எழுந்தது மண்சுவரும் பனையோலைக் கூரையும் கொண்ட ஒரே கட்டடம்தான். பகலில் அதுவே பள்ளிக்கூடம், காலையிலும் மாலையிலும் அதுவே ஜெபவீடு. பல ஊர்களில் உபதேசியாரே வாத்தியார். பிற்காலத்தில் கல்லாலும் காரையாலும் ஆலயம் தனியாக எழுந்தபோதும், டயோசீசன், அதாவது பேராயரின் கீழுள்ள திருமண்டலத்தின், துவக்கப்பள்ளி அதே வளாகத்திலோ அடுத்த மனையிலோ நிற்பதை நம் பக்கத்து ஊர்களில் எத்தனையோ இடங்களில் காணலாம்.

வெளியூரார் வந்து பார்ப்பவை பாளையங்கோட்டை ஆலயத்தின் ஊசிக்கோபுரமும், மெஞ்ஞானபுரம் ஆலயத்தின் 192 அடிக் கோபுரமும், கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் கட்டி 1880-இல் பிரதிஷ்டையான திரித்துவ ஆலயமும்தான். ஆனால் செம்மணல் தேரிக்காட்டு ஊர்களின் அன்றாட வாழ்வு நடந்தது பெயர் தெரியாத சிறு கோயில்களின் திண்ணையில். கோயில் மணிதான் பனையேறிக்கும் வயலுக்குப் போகிறவருக்கும் நேரம் சொல்லிற்று. அசனப் பண்டிகை என்னும் சபை விருந்து நாள் என்றால் பிழைக்கப் போனவர்களும் ஊர் திரும்புவார்கள். கோயிலுக்கு முன் பந்தலிட்டு, அண்டா அண்டாவாகச் சோறும் குழம்பும் ஆக்கி, சபையார் அல்லாத அண்டை வீட்டாரையும் பந்தியில் அமர்த்துவது பல ஊர்களில் உள்ள வழக்கம். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த முருங்கைக்காயும் சேவலும் ஏலத்துக்கு வரும்போது, சந்தை விலையைப் போல் பல மடங்கு கேட்டு வாங்குகிறவர்களுள் திருநீறு பூசியவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் முன்னின்று நடத்திய பெரியவர்களுக்கு, ஊர்ப் பிள்ளைகள் உள்ளே வந்து படிப்பது தீட்டாகத் தோன்ற நியாயமில்லை. உரிய இடத்தில் உரிய ஒழுங்கு இருக்குமா என்பதே அவர்கள் கவலையாக இருக்க வேண்டும்.

எனினும் பழைய காலத்தை அளவுக்கு மீறிப் புகழ்வதும் சரியன்று. வடக்கன்குளத்தில் 1870-களில் எழுந்த கத்தோலிக்க ஆலயம், சாதி வேற்றுமையை ஒட்டி இரண்டு கூடங்களாகப் பிரிந்து பீடத்தருகே சேருமாறு, கால்சட்டையின் வடிவில் கட்டப்பட்டது. 1910-இல் கௌசானல் அடிகளார் காலத்தில் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டபோது பெரும் பூசல் மூண்டு, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சுவரை மீண்டும் கேட்டவர்களுக்கு நீதிமன்றம் இணங்கவில்லை. ஒரே பீடத்தின் முன் ஜெபித்தவர்களே இப்படி நின்றார்கள் என்றால், கதவைத் திறந்து வைத்த மாத்திரத்தில் ஊர் முழுவதும் உள்ளே வந்துவிடும் என்று எண்ணிவிட முடியாது. ஆகவே, படிக்க வரும் பிள்ளைகள் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பதை முதல் மாதத்திலேயே கவனியுங்கள். ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் வராமலிருந்தாலோ, வந்தும் வாசலருகே ஒதுங்கி உட்கார்ந்தாலோ, அந்த வீடுகளுக்கு நேரில் போய் அழைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

செய்முறை பற்றிச் சில சொற்கள். ஆலயமும் மனையும் பெரும்பாலும் திருமண்டல அறக்கட்டளையின் பெயரில் இருக்கும். எனவே உங்கள் சபையும் சேர்ந்த சபைத் தொகுதியான சேகரத்தின் குருவானவரின் இசைவும் சபைக் கமிட்டியின் எழுத்து மூலமான தீர்மானமும் இன்றித் தொடங்காதீர்கள். பீடப்படிகளுக்கு உள்ளே எவரும் போகாதபடி ஒரு திரையும் எல்லையும் வைத்துவிட்டால் பெரியவர்களின் ஆட்சேபத்தில் பாதி தீரும். மருத்துவ முகாமைத் திண்ணையிலோ பந்தலிலோ வைத்துக்கொள்ளலாம். கழிப்பறை இல்லாமல் பெண்களை அழைத்து மணிக்கணக்கில் காக்க வைப்பது மட்டும் கூடாது, பல முகாம்கள் கெடுவது இதனால்தான். அரசியல் கட்சிக் கூட்டத்துக்கு இடம் கேட்டு யார் வந்தாலும் மறுத்துவிடுங்கள். சமய நிறுவனங்களின் இடத்தை அரசியல் நடவடிக்கைக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்கிறது.

கேள்வி: எங்கள் ஊர் முக்கில் சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடமான அந்தோணியார் குருசடியில் செவ்வாய்க்கிழமைகளில் இந்துக்களே மிகுதியாக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். இதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சிலர் சொல்கிறார்களே?
— வாசகர், ராதாபுரம் வட்டம்

பதில்: வேண்டியதில்லை. உவரி அந்தோணியார் ஆலயத்துக்கு வருகிற கூட்டத்தைச் சமயம் பார்த்துப் பிரித்தால் என்ன மிஞ்சும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். மெழுகு வழிந்து தரை வழுக்காதபடி ஒரு மணல் தொட்டி வைத்தால் போதும்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் சிற்றாலயத்தில் ஊரார் இரண்டு இரவுகள் தங்கினார்கள். இனி ஒரு வெள்ளம் வந்தால் அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது?
— வாசகர், ஸ்ரீவைகுண்டம் வட்டம்

பதில்: அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. உங்கள் வட்டத்தின் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயிலின் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கியபோது, வெளியுதவி வந்து சேருமுன் பக்கத்து ஊரார் சமைத்துக் கொடுத்த உணவே அவர்களைக் காத்தது. எனவே அசனத்துக்கென்று வாங்கிய அண்டாக்களையும் கரண்டிகளையும் வாடகைக்கு விட்டு ஊரெங்கும் சிதறவிடாமல், மழைக்காலத்திலாவது ஆலய வளாகத்திலேயே வைத்திருங்கள். ஒரு மூட்டை அரிசியும் உலர்ந்த விறகும் உயரமான பரணில் இருக்கட்டும். மின் பிளக்குகளைத் தரையிலிருந்து நன்கு மேலே மாற்றுங்கள். ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் ஒருமுறை நனைந்தால் போனதுதான். அவற்றையும் மேலே ஏற்றிவிடுங்கள். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம். தெருவுக்கொரு வீட்டில் ஒன்று இருக்கட்டும். ஆலயத்தில் எத்தனை பேர் தங்கலாம் என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஐப்பசி பிறக்கும் முன்னரே எழுதிக் கொடுத்துவிட்டால், வருவாய்த் துறையார் உணவும் பாலும் அனுப்பும்போது உங்கள் ஊர் அவர்கள் பட்டியலில் இருக்கும்.