48 பிள்ளைகள், 8 கொட்டாங்குச்சிகள்: முகாமில் மினி கோல்ஃப்

கேள்வி: மே மாதம் குடியாத்தத்திலிருந்து 10 முதல் 13 வயது வரையுள்ள 48 பிள்ளைகளை ஏலகிரிக்கு இரண்டு நாள் முகாம் அழைத்துப் போகிறோம். சென்ற ஆண்டு மைதானத்தில் 9 குழிகளுடன் மினி கோல்ஃப் அமைத்தோம். முன்னால் நின்ற நான்கு பேர் ஆட, மற்றவர்கள் மண்ணைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரையும் ஆடவைக்கும் விதமாக வேறு ஆட்டங்கள் உண்டா?

பதில்: சென்ற ஆண்டு உங்களைக் கெடுத்தது ஆட்டம் அல்ல, வரிசை. நால்வர் ஒரு குழியை முடிக்க ஆளுக்கு 4 முறை அடித்தால் மொத்தம் 16 அடி. அடிக்குக் கால் நிமிடம் என்றால் 4 நிமிடம். 48 பேரும் 12 குழுவாக முதல் குழியிலிருந்தே தொடங்கினால், கடைசிக் குழுவின் முறை வருவதற்குள் 44 நிமிடம் ஓடிவிடும். அதுவரை பிள்ளைகள் மண்ணைக் கிளறாமல் வேறென்ன செய்வார்கள்?

எனவே ஒரு குழியைக் குறையுங்கள். 8 குழி, 8 அணி, அணிக்கு 6 பேர். எல்லா அணிகளும் ஒரே விசிலுக்கு, அணிக்கொரு குழியில் தொடங்க வேண்டும். கோல்ஃப் ஆடுபவர்கள் இதை ‘ஷாட்கன் ஸ்டார்ட்’ என்பார்கள். 5 நிமிடத்துக்கு ஒரு விசில். பந்து விழுந்தாலும் விழாவிட்டாலும் அடுத்த குழிக்கு நகர்ந்துவிட வேண்டும். 40 நிமிடத்தில் சுற்று முடிந்துவிடும்.

ஆறு பேரும் தனித்தனியாக எண்ணிக்கை வைத்தால் 5 நிமிடம் போதாது. அதற்குத்தான் ‘ஸ்கிராம்பிள்’. ஆறு பேரும் ஒரே இடத்திலிருந்து ஆளுக்கு ஓர் அடி அடிக்கிறார்கள். எந்தப் பந்து நல்ல இடத்தில் நிற்கிறதோ, அங்கிருந்து ஆறு பேரும் அடுத்த அடியை அடிக்கிறார்கள். எத்தனை சுற்றில் விழுந்ததோ அதுவே அணியின் எண்ணிக்கை. 6 சுற்றிலும் விழாவிட்டால் 7 என்று எழுதிக்கொள்ளுங்கள். உலக மினி கோல்ஃப் போட்டிகளிலும் ஆறாவது அடியில் விழாத பந்துக்கு 7 என்றுதான் கணக்கு. இதோடு என் விதி ஒன்று: 8 குழி முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் பந்தும் ஒரு முறையாவது தேர்வாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் கைத்திறன் உள்ள இரண்டு பேர் ஆடுவார்கள், மற்ற நால்வர் கை தட்டுவார்கள்.

இரண்டாம் நாளுக்குக் கோலி ஆட்டத்தைக் கடன் வாங்குங்கள். ஒரு குழியில் இரண்டு அணிகள், அணிக்கு 3 பந்து. உங்கள் பந்தால் எதிராளியின் பந்தை அடித்துவிட்டால் உங்களுக்கு அந்த அடி கணக்கில் வராது. அவர்கள் பந்து உருண்டு நின்ற இடத்திலிருந்து தொடர வேண்டியதுதான். ஜவ்வாது மலையில் நான் நடத்திய ஒரு முகாமில், மட்டையையே பிடித்திராத ஒரு சிறுமி முறை வந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள். ஒரு கண்ணை மூடிச் சரிவைப் பார்த்தாள். வழியில் கிடந்த இரண்டு பொடிக்கற்களை எடுத்துப் போட்டாள். பிறகு அடித்த அடியில் எதிரணித் தலைவனின் பந்து ஓரத்துச் செங்கல்லில் போய் மோதியது. கோலி ஆடிய கண்ணுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த ஆட்டம் மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் எதிராளி என்ன செய்வாரோ என்ற கவலையில் காத்திருப்பவர்களும் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

கூச்சப்படும் பிள்ளைகளுக்குச் சீட்டு ஆட்டம். குழிக்குக் குழி ஒரு டப்பாவில் மடித்த சீட்டுகள்: இடக்கையால் அடி, முதுகைக் காட்டி நின்று கால்களுக்கிடையே அடி, கண்ணைக் கட்டிக்கொண்டு தோழன் சொல்லும் திசையில் அடி. எல்லோரும் தடுமாறும்போது யாருக்கும் வெட்கம் இருக்காது. பொங்கலுக்குப் பானை உடைக்கும் அதே கலகலப்புத்தான். ஆனால் கண் கட்டியவர் கையில் இருப்பது இரும்பு முனையுள்ள மட்டை, மற்றவர்கள் பத்தடி தள்ளி நிற்கட்டும்.

உடன் வரும் ஆசிரியர்களுக்கு ‘ஸ்கின்ஸ்’ போதும்: குறைந்த அடியில் முடித்தவருக்குக் குழிக்கு ஒரு புள்ளி, சமன் ஆனால் அந்தப் புள்ளி அடுத்த குழிக்குச் சேரும். கடைசிக் குழியில் நான்கு புள்ளி குவிந்துவிட்டால் பெரியவர்களின் சண்டையைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள்.

குழிக்கு வருகிறேன். கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பெரிய தேங்காயின் கொட்டாங்குச்சி வாய் ஏறக்குறைய அந்த அளவுதான். கண் உள்ள பாதியை எடுத்து, கண்ணைக் குத்தித் துளையிட்டு, கண் கீழே இருக்கும்படி புதையுங்கள். கோடை மழை பெய்தாலும் தண்ணீர் வடிந்துவிடும். தரைக்குப் பந்தல்காரர்கள் வாடகைக்குத் தரும் பச்சை விரிப்பு, ஓரத்துக்குச் செங்கல். விரிப்பின் விளிம்பில் ஆணி அடிக்க மறந்துவிடாதீர்கள், மலைக்காற்று சுருட்டிவிடும்.

மட்டை முழங்காலுக்கு மேலே எழும்பக் கூடாது என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-இல் பெண்களுக்காகத் தொடங்கிய பட்டிங் (பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் விழவைப்பது) சங்கம் இந்த விளையாட்டின் பழைய வேர்களில் ஒன்று. பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவதை அன்றைய நாகரிகம் ஏற்கவில்லை. அந்தக் கட்டுப்பாடு அநியாயமானது. ஆனால் ஓங்காமல் ஆடுவது உங்கள் முகாமுக்குப் பல்லையும் நெற்றியையும் காப்பாற்றித் தரும்.

14 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைச்சுற்றல் தெளிந்தபின், வெயில் தாழ்ந்து 4 மணிக்கு மேல் ஆரம்பியுங்கள். பத்துப் பந்து கூடுதலாக எடுத்துப் போங்கள். சரிவில் உருண்டு புதருக்குள் போன பந்தைத் தேட எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள்; போனது போகட்டும்.