ரைன் கரைக் கோட்டைகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜெர்மனியின் கோப்லென்ஸ் ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து என் வார இறுதிகள் பெரும்பாலும் ரைன் நதிக்கரைக் கோட்டைகளில்தான் கழிகின்றன. கோப்லென்ஸ் முதல் பிங்கன் வரை ஏறக்குறைய 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு. அதற்குள் நாற்பது கோட்டைகளுக்குக் குறையாது. 2002இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பயணத்துக்குத் தயாராகும் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தீர்கள். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பிராங்க்ஃபுர்ட்டில் இருக்கிறோம். சனிக்கிழமை ஒரே நாளில் நான்கு கோட்டைகள் பார்த்துவிட முடியுமா அக்கா?

முடியும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் எந்தப் படம் எந்தக் கோட்டை என்றே தெரியாது. இரண்டு போதும் தம்பி. அந்த இரண்டையும் சொல்லிவிடுகிறேன்: கௌப் ஊரில் ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன், பிரௌபாக் ஊரில் மார்க்ஸ்புர்க். இரண்டு ஊரும் ரைனின் வலக்கரையில்தான். பிராங்க்ஃபுர்ட்டிலிருந்து வீஸ்பாடன், ரூடெஸ்ஹைம் வழியாகப் போகும் பிராந்திய ரயில் இரண்டிலும் நிற்கும், ஆற்றைக் கடக்க வேண்டியதில்லை. உங்களிடம் டாய்ச்லாந்து டிக்கெட் (உள்ளூர், பிராந்திய வண்டிகளுக்கான மாதச் சீட்டு) இருந்தால் அதுவே போதும். அது ஐசி, ஐசிஇ என்ற விரைவு வண்டிகளில் செல்லாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கௌப்பில் காலையிலேயே இறங்கிவிடுங்கள். கோட்டை ஆற்றின் நடுவே சின்னத் தீவில் இருக்கிறது, படகில்தான் போக வேண்டும். 1326 வாக்கில் பவேரியாவின் லுட்விக் மன்னர் சுங்கம் வசூலிப்பதற்காக எழுப்பியது. நீரோட்டம் வரும் திசையை நோக்கி அதன் சுவர் கப்பலின் முன்முனைபோலக் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிக்கட்டிகள் அதில் மோதிப் பிளந்து இரு பக்கமும் விலகிப் போகும். அழகுக்காக வந்த வடிவம் அல்ல. 1813ஆம் ஆண்டின் கடைசி இரவில், பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மன் அரசின் தளபதி புளூஷரின் படை, சுமார் 50,000 பேர், மிதவைப் பாலம் போட்டு இந்தத் தீவு வழியாகத்தான் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு ஆற்றைக் கடந்தது. தீவில் நின்று இரு கரையையும் பாருங்கள். அவர்கள் ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று புரியும்.

கிளம்பும் முன் ஆற்றில் நீர்மட்டம் எப்படி என்று பார்த்துவிடுங்கள். வெள்ளம் வந்தால் படகு ஓடாது. ஒரு பிப்ரவரியில் நான் பார்க்காமல் போய், பழுப்பு நிறத்தில் சீறிக்கொண்டு ஓடிய ஆற்றையும் அதன் நடுவே நின்ற வெள்ளைச் சுவரையும் கரையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஜெர்மன்காரர்கள் சிலதை 'புர்க்' என்கிறார்கள், சிலதை 'ஷ்லோஸ்' என்கிறார்கள். இரண்டும் கோட்டைதானே?

'புர்க்' என்றால் நம் சொல்லில் கோட்டை: தடித்த சுவர், குறுகிய சன்னல், எதிரி ஏற முடியாத மேடு. 'ஷ்லோஸ்' என்றால் அரண்மனை. பீரங்கி வந்த பிறகு உயரமான கல்சுவருக்குப் பழைய மதிப்பு இல்லை. பிரபுக்கள் வசதிக்கும் பகட்டுக்கும் கட்டத் தொடங்கினார்கள். பெரிய சன்னல், தோட்டம், விருந்து மண்டபம் எல்லாம் வந்தன. மூன்றாவதாக 'ஃபெஸ்டுங்' என்று ஒன்று உண்டு. பீரங்கியைத் தாங்கவென்றே அகலமாக, தாழ்வாகக் கட்டிய ராணுவ அரண். கோப்லென்ஸுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஏரன்பிரைட்ஷ்டைன் அந்த வகை. பழைய அரணைப் பிரெஞ்சுக்காரர்கள் 1801இல் தகர்த்தபின், 1817 முதல் 1828 வரை பிரஷ்யர்கள் புதிதாக எழுப்பினார்கள்.

ஏன் இத்தனை இடிந்து கிடக்கின்றன? இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்ததா?

இதை நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரும்பாலானவை அதற்கு 250 ஆண்டுகளுக்கு முன்பே இடிந்தவை. 1689இல் பிரான்ஸின் 14ஆம் லூயி மன்னரின் படைகள் இந்தப் பக்கம் ஊர் ஊராக எரித்துக்கொண்டு வந்தன. பாக்கராக்கின் ஷ்டாலெக், கோப்லென்ஸ் அருகே ஷ்டோல்சென்ஃபெல்ஸ் எல்லாம் அப்போது போனவை.

சங்க்ட் கோவாரின் ரைன்ஃபெல்ஸ் கதை வேறு. 1245இல் காட்செனெல்ன்போகன் பிரபு கட்டியது. 1692இல் 28,000 பிரெஞ்சு வீரர்கள் சுற்றி வளைத்தும் விழவில்லை. அப்படிப்பட்ட கோட்டையை 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் ஒரு குண்டுகூடச் சுடாமல் விட்டுவிட்டார்கள். பிறகு அந்தப் பிரெஞ்சுக்காரர்களே வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிச்சக் கல் பின்னாளில் வண்டி வண்டியாகப் போய், பிரஷ்யர்கள் ஏரன்பிரைட்ஷ்டைன் கட்டப் பயன்பட்டது. நம் ஊரில் பாழடைந்த கோட்டைக் கல் பக்கத்து ஊர் வீட்டுக்கும் மடைக்கும் போகுமே, அதேதான் இங்கும்.

இதனால்தான் எந்தக் கோட்டைக்குப் போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கள் என்கிறேன்: இதை யார் இடித்தது? யார் திரும்பக் கட்டியது? வாசலில் தரும் மடிப்புத்தாளிலேயே பதில் இருக்கும். அது தெரிந்தபின் சுவரைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

ஷ்டோல்சென்ஃபெல்ஸ் போனோம். 19ஆம் நூற்றாண்டில் கட்டியது என்று வழிகாட்டி சொன்னதும் சப்பென்று ஆகிவிட்டது. அப்போது அது போலிதானே?

போலி என்று நான் சொல்ல மாட்டேன். 13ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் இடிபாடு அங்கே இருந்தது. 1823இல் கோப்லென்ஸ் நகரம் அதை பிரஷ்ய இளவரசருக்குப் பரிசாகக் கொடுத்தது. ஷின்கெல் என்ற பெரிய கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டார். 1842இல் திறப்புவிழா நடந்தபோது, அதற்குள் மன்னராகிவிட்ட அந்த இளவரசரும் விருந்தினரும் இடைக்கால உடை அணிந்து தீப்பந்தங்களோடு ஊர்வலமாக ஏறினார்கள். நீங்கள் பார்த்தது இடைக்காலம் அல்ல, இடைக்காலத்தை 19ஆம் நூற்றாண்டு எப்படிக் கனவு கண்டது என்பதை. அந்தக் கனவும் வரலாறுதான். உள்ளே தரை கீறாமலிருக்க செருப்புக்கு மேலேயே மாட்டிக்கொள்ளும் கம்பளிச் செருப்பு கொடுத்திருப்பார்களே, அதை மாட்டி வழுக்கிக்கொண்டு அந்த மரத்தரையில் நடப்பது எனக்கு இன்றும் பிடிக்கும்.

அசலே வேண்டும் என்றால் மார்க்ஸ்புர்க் போங்கள். மத்திய ரைனில் ஒருபோதும் அழிக்கப்படாத ஒரே மலைக்கோட்டை அதுதான். 1900இல் ஜெர்மன் கோட்டைச் சங்கம் வெறும் 1,000 கோல்ட்மார்க்குக்கு வாங்கியது. இன்றும் அவர்கள் தலைமையகம் அங்கேதான். வாசலைத் தாண்டியதும் ஒரு படிவழி வரும். கட்டியது அல்ல, பாறையிலேயே வெட்டியது. குதிரை ஏறும் அளவுக்கு அகலமும் தாழ்வுமான படிகள். மழை நாளில் பளபளவென்று வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ போடுங்கள். உள்ளே பெரிய மண்டபத்துக் கழிப்பறையைக் காட்டுவார்கள். சுவருக்கு வெளியே அந்தரத்தில் தொங்கும் சின்னக் கல் கூண்டு, கீழே திறந்த வெளி. அவ்வளவுதான் ஏற்பாடு. வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், கோடையில் ஆங்கிலத்திலும் சுற்றிக் காட்டுகிறார்கள்.

அம்மாவுக்கு 72 வயது, மூட்டுவலி. ஊரிலிருந்து முதல்முறை வருகிறார். எங்கே கூட்டிப் போகலாம்?

மார்க்ஸ்புர்க் வேண்டாம். மோசல் ஆற்றுப் பக்கத்து எல்ட்ஸ் கோட்டையும் வேண்டாம். கோப்லென்ஸுக்கு வாருங்கள். ஆற்றுக்கு மேலே கேபிள் கார் ஓடுகிறது, ஏறி உட்கார்ந்தால் ஏரன்பிரைட்ஷ்டைன் அரண் பக்கத்தில் இறக்கிவிடும். மேலே பெரும்பாலும் சமதளம். ரைனும் மோசலும் கலக்கும் முனை அப்படியே காலடியில் தெரியும். அம்மா அங்கே ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்காரட்டும், அவசரப்படுத்தாதீர்கள். மறுநாள் பிங்கன் பக்கமிருந்து கோப்லென்ஸ் நோக்கிக் கப்பலில் வாருங்கள். நீரோட்டத்தோடு வருவதால் எதிர்த்துப் போவதைவிடச் சீக்கிரம். ஒரு படி ஏறாமல் இருபது கோட்டைக்கு மேல் பார்த்துவிடலாம். கப்பல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் ஒழுங்காக ஓடும்.

எல்ட்ஸ் கோட்டைக்குக் கார் இல்லாமல் போக முடியுமா? உள்ளே படம் எடுக்கலாமா?

எல்ட்ஸ் ரைனில் இல்லை, மோசல் பக்கத்துக் காட்டுக்குள். மோசல்கெர்ன் ரயில் நிலையத்தில் இறங்கி ஓடையை ஒட்டியே சுமார் ஐந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடக்கக்கூடியவர்களுக்கு அதுதான் சிறந்த வழி. மரங்களுக்கு நடுவே திரும்பும்போது கோட்டை திடீரென்று முன்னால் எழும். உள்ளே படம் எடுக்கக் கூடாது. நவம்பர் தொடக்கத்தில் மூடி ஏப்ரலில்தான் திறப்பார்கள்.

850 ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பத்தின் சொத்து. மூன்று கிளைகள் ஒரே முற்றத்தைச் சுற்றித் தனித்தனி வீடு கட்டி வாழ்ந்தார்கள். நம் பங்காளி வீடுகள் மாதிரியே. பொது விஷயம் பேச ஒரு மண்டபம். அதில் கோமாளித் தலைகள் செதுக்கியிருக்கும்: இங்கே மனதில் பட்டதைப் பேசலாம் என்று பொருள். வெளியேறும் கதவுக்கு மேலே ஒரு ரோஜா: பேசியது வெளியே போகக் கூடாது. வழிகாட்டி சொல்லாவிட்டாலும் நிமிர்ந்து தேடுங்கள். சொத்தைப் பிரித்துக்கொண்டும் சேர்ந்தே வாழ்ந்த குடும்பத்துக்கு அந்த இரண்டும் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று அங்கே நிற்கும்போதெல்லாம் நினைப்பேன்.

எட்டும் பதினொன்றும் வயதுப் பிள்ளைகள். அருங்காட்சியகம் என்றாலே முகம் சுளிக்கிறார்கள்.

ரைன்ஃபெல்ஸ். சுவருக்கு அடியில், முற்றுகையிடும் எதிரிக்கு வெடி வைக்கத் தோண்டிய சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், ஆளுக்கு ஒரு டார்ச் கொண்டுபோங்கள். ராத்திரி பாக்கராக்கின் ஷ்டாலெக் கோட்டையில் தங்குங்கள். அது இப்போது இளைஞர் விடுதி, குடும்பத்துக்கும் அறை தருவார்கள். ஜெர்மன் இளைஞர் விடுதிச் சங்க உறுப்பினர் அட்டை தேவைப்படும்.

வரைபடத்தில் எதிரெதிர்க் கரையில் இருக்கும் இரண்டு ஊர். கூகுள் 80 கிலோமீட்டர் சுற்றச் சொல்கிறது. தவறா?

தவறு இல்லை. கோப்லென்ஸுக்கும் மைன்ஸ் பக்கத்துக்கும் நடுவே ஒரு பாலம்கூடக் கிடையாது. ரூடெஸ்ஹைம் அருகே ஒரு ரயில் பாலம் இருந்தது, 1945இல் தகர்ந்தது, அதன் மிச்சம் இன்றும் நிற்கிறது. கார் ஏற்றும் படகுகளில்தான் கடக்க வேண்டும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று மாலையில் சாப்பிட உட்காரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்ஸ் கோட்டைக்கு உள்ளே போக டிக்கெட் எங்கே?

கிடையாது. தனியார் சொத்து. எதிர்க்கரை சங்க்ட் கோவாரிலிருந்து பாருங்கள், அங்கிருந்துதான் அழகும்கூட.

பாக்கராக்கில் கூரையில்லாமல் நிற்கும் சிவப்புக் கல் தேவாலயம் என்ன? எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுக்கிறார்கள்.

வெர்னர் சிற்றாலயம். அந்தப் படிகளில் ஏறும்போது அதன் கதையும் தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 1287இல் வெர்னர் என்ற சிறுவன் இறந்துகிடந்தான். யூதர்கள்தான் சடங்குக்காகக் கொன்றார்கள் என்று பொய் கிளப்பினார்கள். அந்தப் பொய்யால் ரைன் கரை ஊர்களில் யூதக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. அந்தச் சிறுவனைப் புனிதனாக்கி அவன் பெயரில் எழுப்பியதுதான் இந்த ஆலயம். 1689இல் மேலே ஷ்டாலெக் கோட்டையை வெடித்தபோது கற்கள் விழுந்து இதுவும் சிதைந்தது. திருச்சபை 1963இல்தான் வெர்னரைத் தன் நாட்காட்டியிலிருந்து நீக்கியது. அங்கே ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. படம் எடுங்கள், அந்த வளைவுகள் உண்மையிலேயே அழகானவை. எடுத்துவிட்டு அந்தப் பலகையையும் நின்று படியுங்கள்.