குழந்தைக்குத் தான வால்வு வைத்தால் எத்தனை வருடம் தாங்கும்?

எட்டு மாதக் குழந்தைக்கு ஹோமோகிராஃப்ட் (இறந்தவரிடமிருந்து தானமாகக் கிடைத்த இதய வால்வு) வைக்கச் சொல்கிறார்கள், ஆயுசுக்கும் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்காதுங்க. எங்களுக்கும் இதை முதல் நாளே சொன்னார்கள். ஆனால் ‘ஆபரேஷன் பண்ணிடலாம்’ என்பது மட்டும்தான் அன்றைக்குக் காதில் விழுந்தது.

என் மகளுக்கு நுரையீரலுக்கு ரத்தம் போகிற வால்வே உருவாகவில்லை. பதினோரு மாதத்தில், இறந்த ஒருவரின் குடும்பம் தானம் கொடுத்த வால்வை அதன் குழாயோடு சேர்த்து வைத்தார்கள். திரவ நைட்ரஜனில் உறைய வைத்து எடுத்து வைத்திருந்தது. அளவு 14 மி.மீ. ஆறு வயதில் அதை மாற்ற வேண்டி வந்தது.

காரணம் இரண்டு. குழந்தை வளரும், அந்த வால்வு வளராது. தீபாவளிச் சட்டை மாதிரி ஒரு அளவு பெரிதாக வைப்பார்கள்தான், ஆனால் சின்ன மார்புக்குள் எவ்வளவு இடம் இருக்கும்? இரண்டாவது, உடம்பு அதை வேற்றாளாகவே பார்க்கிறது, மெல்ல மெல்லக் கால்சியம் படிகிறது. குழந்தை எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் கெடும். வளர்ந்த பிள்ளைகளுக்குப் பத்து வருடம், அதற்கு மேலும் ஓடுவதுண்டு. வெளியே எடுத்ததைச் சர்ஜன் போனில் காட்டினார். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதேதான். மூன்று இதழ்களும் முட்டை ஓடு மாதிரி விறைத்திருந்தன.

இது ஒரே நாளில் நடப்பதில்லை. எக்கோவில் ‘கிரேடியன்ட்’ என்று ஒரு எண் சொல்வார்கள், வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம். அது ஏற ஏற வால்வு அடைகிறது என்று அர்த்தம். நான் நோட்டில் எழுதி வந்தேன்: 18, 26, 41, 64. அந்த 64 வந்த வாரம்கூட அவள் மாடிப்படி ஏறி ஓடிக்கொண்டுதான் இருந்தாள். ஆகவே, பிள்ளை நன்றாக விளையாடுகிறதே என்று செக்கப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

இத்தனை குறை இருந்தும் ஏன் இதையே வைக்கிறார்கள்? உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. கைக்குழந்தைக்கு அதைச் சமாளிப்பது பெரும்பாடு. இதற்கு அது வேண்டாம். லண்டனில் டொனால்ட் ராஸ் என்ற இதய சர்ஜன் 1966-இல் இதே குறையுள்ள ஒரு குழந்தைக்குத் தான வால்வை வைத்த நாளிலிருந்து இந்த வழி இருக்கிறது.

2000-இல் பாரிஸில் ஃபிலிப் போன்ஹோஃபர் என்ற டாக்டர், பழைய குழாய்க்குள்ளேயே கதீட்டர் (ரத்தக்குழாய்க்குள் விடும் மெல்லிய குழாய்) வழியாகப் புது வால்வை வைத்துக் காட்டினார். மார்பைத் திறக்கவில்லை. ஆனால் அதற்குக் குழாய் ஓரளவு அகலமாக இருக்க வேண்டும். அதனால்தான் இரண்டாவது முறை எங்களுக்கு 22 மி.மீ. வைத்தார்கள். 2022-இல் அமெரிக்காவின் டியூக் மருத்துவமனையில் பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு உறைய வைக்காத, உயிருள்ள வால்வுகளை வைத்தார்கள். அவை குழந்தையோடு சேர்ந்து வளர்ந்தன. என்ன, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தாக வேண்டும்.

டாக்டரிடம் ‘எத்தனை வருஷம்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன அளவு, வைப்பது தானம் கொடுத்தவரின் நுரையீரல் வால்வா மகாதமனி வால்வா (இரண்டாவதில் கால்சியம் கூடுதலாகப் படியும்), அடுத்தது கதீட்டரில் முடியுமா என்று கேளுங்கள். பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் தர வேண்டும், அதையும் எழுதி வாங்குங்கள். ஆபரேஷன் நோட்ஸை நான்கு பிரதி எடுத்து வையுங்கள். எங்களுடையது தொலைந்துபோய், ஐந்து வருடம் கழித்து அந்த 14 என்ற ஒற்றை எண்ணுக்காக ரெக்கார்டு ரூம் வாசலில் இரண்டு நாள் நின்றேன்.