பெயர் அச்சிட்ட மக்கைத் திருப்பி வாங்க வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருக்கிறேன். மாலை நேரத்தில், வேடிக்கையான வாசகமும் பெயரும் அச்சிட்ட காபி மக்குகளைச் செய்து விற்கிறேன். பணி ஓய்வு விழாவுக்காகப் போனில் ‘கந்தசாமி’ என்று சொன்ன பெயரை நான் ‘கந்தசுவாமி’ என்று அச்சிட்டுவிட்டதாகக் கூறி, ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். ‘பெயர் அச்சிட்ட பொருள் திருப்பி எடுக்கப்படாது’ என்று முன்பே அறிவித்திருக்கிறேனே, அது போதாதா? நகைச்சுவை நடிகர்களின் படம் போடலாமா? ஜிஎஸ்டி பதிவு தேவையா?
– வாசகி, நீலகிரி

பதில்: போதாது. வாங்கியவர் மனம் மாறித் திருப்பித் தந்தால், உங்கள் அறிவிப்பைக் காட்டி மறுக்கலாம். ஆனால் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவும், ரசீதில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள், பணம் தரவும் மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீது தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. பிழை யாருடையது என்று காட்ட உங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லாத நிலையில், விழா இன்னும் நடக்கவில்லையென்றால் புதிதாக அச்சிட்டுக் கொடுங்கள். முடிந்துவிட்டதென்றால் பணத்தைத் தந்துவிடுவதே நியாயம்.

இனிமேல் போனில் கேட்டு அச்சிடவே வேண்டாம். மக்கில் வரப்போகும் வடிவத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி, பெயர், வாசகம், தேவைப்படும் நாள் மூன்றுக்கும் ‘சரி’ என்று பதில் வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். தமிழ் எழுத்துருக்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. சில வடிவமைப்பு மென்பொருள்களில் ‘கோ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். சூட்டால் மக்கில் அச்சை ஏற்றும் சப்ளிமேஷன் தாளில் எல்லாம் இடவலம் மாறி அச்சாவதால், அவசரத்தில் அது கண்ணில் படாது. தாளைக் கண்ணாடியில் காட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிடுங்கள்.

நம் மலையின் ஈரப்பதமும் உங்கள் பொறுப்பில்தான் சேரும். மூடுபனி நாட்களில் தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டால், ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரி சூட்டில் மூன்று நிமிடம் அழுத்தும்போது நிறம் திட்டுத் திட்டாகப் பரவும். எனவே தாளை மூடிய பெட்டியில் வையுங்கள். சூடான மக்கைக் குளிர்ந்த சிமெண்ட் தரையில் வைத்தால் விரிசல் விடலாம். கம்பி நார் கொண்டு தேய்த்தால் அச்சு போய்விடும் என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். ‘என்றும் மங்காது’ என்று விளம்பரம் செய்துவிட்டால், மங்கியதும் அந்த வார்த்தையே உங்கள் மீதான புகாருக்கு ஆதாரமாகிவிடும்.

நடிகர்களின் படத்தை அனுமதியின்றிப் போடாதீர்கள். திரைக்காட்சிக்குப் பதிப்புரிமை உண்டு என்பதோடு, பிரபலமானவரின் பெயரையும் உருவத்தையும் பாணியையும் அவர் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று, ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015இல் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டிருக்கிறது. உங்களுக்கு அந்தப் படங்கள் தேவையும் இல்லை. மே மாதச் சுற்றுலாக் கூட்டத்திலும் மலையேறும் வாகனங்களுக்கான இ-பாஸ் கெடுபிடியிலும் சிக்கித் தவித்தவருக்கு ‘இ-பாஸ் இல்லாமல் என் நாற்காலிப் பக்கம் வராதீர்கள்’ என்பதும், ஓய்வு பெறும் தொழிற்சாலை ஊழியருக்கு ‘இனி இலை எடை போட மாட்டேன், டீ மட்டும் குடிப்பேன்’ என்பதும் எந்த நடிகரின் வசனத்தையும்விட நன்றாகவே விலைபோகும். ஆனால் சிரிப்பைக் காசு கொடுத்து வாங்குபவர் ஒருவர், அதைச் சுமப்பவர் வேறொருவர். ஆகவே உடல், நிறம், சாதி, குழந்தையின்மை இவற்றைத் தொடும் வாசகத்தை யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். நண்பரின் புகைப்படத்தைக் கொண்டு வருபவரிடம், அந்த நண்பரின் சம்மதம் பெற்றீர்களா என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டுக்குள் பொருளை மட்டும் விற்றால், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. ஆனால் கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ கூரியரில் மக் அனுப்பினால் அந்த வரம்பு பொருந்தாது. கூடலூரைத் தாண்டினால் இரண்டு மாநிலங்களும் பக்கத்தில்தான் என்பதால், அங்கிருந்து ஆர்டர் ஏற்கும் முன் வரி ஆலோசகர் ஒருவரிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.