வேகத் தோட்டா ஏன் அதிகம் விலகுகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைபிளை (குழல் விட்டம் 0.22 அங்குலம்) கையில் எடுத்தது முதல் ஐம்பது ஆண்டுகளாகத் துப்பாக்கி சுடுதலே என் பொழுதுபோக்கு. தோட்டா எவ்வளவு வேகமோ, பாதை அவ்வளவு நேர் என்று நம்பி வந்தவன். சென்ற மாதம் 100 மீட்டரில் ஹை வெலாசிட்டி (அதிவேக) தோட்டாக்களைச் சுட்டேன். பக்கக் காற்றில் அவை சாதாரணத் தோட்டாவைவிட அதிகம் விலகின. என் கண் மங்கிவிட்டதா? ஏற்காட்டில் காற்று லேசானது. அங்கே சுட்டால் சரியாகுமா?

வாசகர் ஒருவர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கண்ணில் குறை இல்லை. நீங்கள் சுட்ட இலக்கு அட்டை உண்மையைத்தான் சொல்கிறது. ஐம்பது ஆண்டு நம்பிக்கையை ஓர் அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அது என்னை மிகவும் மகிழ்வித்தது.

தோட்டா எத்தனை நேரம் பறக்கிறதோ அந்த அளவுக்குக் காற்று அதைத் தள்ளும் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். கணக்கு வேறு. காற்றே இல்லாத வெற்றிடத்தில் 100 மீட்டரைக் கடக்க ஆகும் நேரத்தைவிட, காற்றின் தடையால் எவ்வளவு தாமதமாகிறது என்று பார்க்க வேண்டும். அந்தத் தாமதத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும்.

போட்டிகளில் சுடும் சாதாரணத் தோட்டா வினாடிக்குச் சுமார் 330 மீட்டரில் கிளம்புகிறது. ஒலியின் வேகத்துக்குச் சற்றே கீழே. அதன் தாமதம் வினாடியில் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. உங்கள் வேகத் தோட்டா 380 மீட்டரில் கிளம்பி, ஒலியின் வேகத்தை ஒட்டிய இடத்தில் சிக்கிக்கொள்கிறது. அங்கேதான் காற்றின் தடை தாவி ஏறும். கூடுதலாகப் பெற்ற 50 மீட்டரில் பாதியையாவது முதல் முப்பது மீட்டருக்குள் பறிகொடுத்துவிடுகிறது. தாமதம் முப்பதில் ஒரு பங்காகிறது. வினாடிக்கு 3 மீட்டர் காற்றில் சாதாரணத் தோட்டா ஏழரை சென்டிமீட்டர் விலகினால், இது பத்து. சுடும்போது சாட்டை சொடுக்கியதுபோல ஒரு 'படீர்' கேட்டிருப்பீர்களே, தோட்டா ஒலியை முந்திப் போனதன் அடையாளம் அது.

இந்தத் தடையை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். கனமான பலகை ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் சுட்டு, அது பின்னால் ஆடிய தூரத்தை நாடாவால் அளந்து, தோட்டாவின் வேகத்தைக் கணக்கிட்டார். 1742இல் அதை நூலாகவும் எழுதினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளராக வந்து, 1751இல் நம் கடலூரின் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். சேலத்தில் பஸ் ஏறினால் நான்கைந்து மணி நேரம். அந்தக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் அவருடைய பலகையும் நாடாவும் என் நினைவுக்கு வரும்.

வேகத்தின் மேல் உங்களுக்குள்ள ஆசை தவறு என்று சொல்லவில்லை. 1935இல் வந்த .220 ஸ்விஃப்ட் என்ற ரைபிள் தோட்டா வகை மூன்று கிராம் தோட்டாவை வினாடிக்கு 1250 மீட்டரில் அனுப்பியது. 100 மீட்டரில் அது விழுவது நான்கு சென்டிமீட்டர்போல. வழி முழுவதும் ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் போவதால், உங்கள் தோட்டாவுக்கு நேர்ந்த சிக்கல் அதற்கு அந்தத் தூரத்தில் இல்லை. ஆனால் அந்தச் சூடும் அழுத்தமும் குழலின் தொண்டையை, அதாவது தோட்டா குழலுக்குள் நுழையும் இடத்தை, சீக்கிரம் அரித்துவிடும்.

இனி ஏற்காடு. மலை ஏறுவதால் கிளம்பும் வேகம் கூடாது. இழப்பு குறையும், அவ்வளவுதான். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் சேலத்தைவிட 13 சதவீதம் குறைவு. ஆனால் குளிர் காற்றை இறுக்கிவிடுகிறது. சேலத்தில் 38 டிகிரி, மேலே 20 டிகிரி என்றால் அடர்த்தியில் எட்டு சதவீத வித்தியாசமே மிஞ்சும். உங்கள் பத்து சென்டிமீட்டர் ஒன்பதேகால் ஆகலாம். அதற்குள் சரிவில் புரண்டு வரும் மலைக்காற்று அந்தச் சிறு லாபத்தை விழுங்கிவிடும். காப்பித் தோட்டத்தில் சுட்டுப் பார்க்கும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். .22 தோட்டா ஒன்றரை கிலோமீட்டர் போகக்கூடியது.

உங்கள் ரேஞ்சிலேயே 30, 70 மீட்டரில் சுடும் பாதைக்குப் பக்கவாட்டில் குச்சி நட்டு மெல்லிய நாடா கட்டுங்கள். இரண்டு வகைத் தோட்டாவிலும் பத்துப் பத்து, மாற்றி மாற்றி, தனித்தனி அட்டையில் சுடுங்கள். குரூப்பிங் (துளைகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பது) எப்படி வந்தாலும் இரண்டு அட்டைகளின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். நாடா எந்தப் பக்கம் ஆடியது என்பதையும் அட்டையின் ஓரத்தில் குறித்துவையுங்கள்.