பொத்தானை அழுத்திப் பார்த்தீர்களா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டீல் க்ரோனோகிராஃப், அதாவது பொத்தானை அழுத்தி நேரம் அளக்கும் வாட்ச் பற்றித்தான். போனஸ் வந்த நேரமோ, பிள்ளைகளின் முதல் சம்பளமோ, தெரியவில்லை. ஆனால் எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் வேண்டிய விவரத்தை விட்டுவிட்டு வேண்டாததை எழுதியிருக்கிறார்கள். மணிக்கட்டின் சுற்றளவு, கையில் இருக்கும் தொகை, தினமும் கட்டவா அல்லது விசேஷத்துக்கா. இந்த மூன்றும் இல்லாவிட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

ஐயா, உலகத்திலேயே சிறந்த ஸ்டீல் க்ரோனோகிராஃப் எது? (திருநெல்வேலி வாசகர்)

உலகத்திலேயே சிறந்த சாப்பாடு எது என்று கேட்ட மாதிரி இருக்கிறது. பசி எவ்வளவு, பையில் எவ்வளவு என்று எழுதுங்கள். பார்க்கலாம்.

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாங்க முடிவு செய்துவிட்டேன். ஹெசலைட் கண்ணாடியா, சஃபையரா என்பதில்தான் குழப்பம். பல் மருத்துவராக இருக்கிறேன், தினமும் கட்டுவேன். (மதுரை)

தினமும் கட்டுவேன் என்று எழுதினீர்களே, அதற்கே நன்றி டாக்டர். ஹெசலைட் என்பது ஒருவகை அக்ரிலிக். கதவில் உரசினாலும் கோடு விழும். ஆனால் அந்தக் கோட்டைத் துணியும் கொஞ்சம் பற்பசையும் வைத்து நீங்களே பத்து நிமிடத்தில் தேய்த்து எடுத்துவிடலாம். பற்பசைக்கு உங்களிடம் பஞ்சமிருக்காது. பலமாக அடிபட்டாலும் சில்லு சில்லாகச் சிதறாது. 1965ல் நாசா தேர்ந்தெடுத்த ஸ்பீட்மாஸ்டருக்கும் இதே வகைக் கண்ணாடிதான். சஃபையரில் லேசில் கோடு விழாது. பின்மூடியும் கண்ணாடி என்பதால் மெஷினைப் பார்க்கலாம். ஆனால் ஓரத்தில் பால் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். சிலருக்கு அது கண்ணை உறுத்தும்.

2021லிருந்து இரண்டுக்குள்ளும் ஓடுவது அதே 3861 மெஷின். ஒரு முறை முழுதாகக் கீ கொடுத்தால் சுமார் 50 மணி நேரம் ஓடும். உங்கள் தொழிலில் காந்தம் உள்ள கருவிகள் பக்கத்தில் இருந்தாலும் கவலையில்லை, 15,000 காஸ் (காந்த வலிமையின் அளவு) வரை தாங்கும். என் ஓட்டு ஹெசலைட்டுக்கு. லென்ஸ் வைத்துக் கண்ணாடியின் நடு மையத்தைப் பாருங்கள், உள்பக்கம் பொடிசாக ஒரு ஒமேகா சின்னம் இருக்கும். கடையில் அதைத் தேடுகிற சாக்கில் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்துவிடுங்கள். ஒன்று மட்டும்: தண்ணீருக்கு 50 மீட்டர்தான் எழுதியிருக்கிறது. கை கழுவலாம், குளத்தில் குதிக்க வேண்டாம்.

காலம் வீல் உள்ள மெஷின்தான் உசத்தி, கேம் வைத்தது மலிவு என்கிறார்களே? (ஓசூர், பொறியாளர்)

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தக் காலம், நேரம் என்று நாம் சொல்லும் காலம் இல்லை. தூண் என்ற அர்த்தத்தில் வரும் ஆங்கிலச் சொல். கோட்டைக் கொத்தளம் போலக் குட்டித் தூண்கள் நிற்கும் ஒரு பல் சக்கரம். பொத்தானை அழுத்தும்போது இது ஒரு பல் திரும்பும். லீவர்கள் தூணின் மேல் ஏறும், அல்லது இரண்டு தூணுக்கு நடுவே விழும். அழுத்தம் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இருக்கும். கேமில் அதே வேலையை ஒரு வெட்டுத் தகடு செய்கிறது. அழுத்தினால் 'டக்' என்று கொஞ்சம் முரடாக இறங்கும்.

சுகத்தில் வித்தியாசம் உண்டு. உழைப்பில் இல்லை. 1974ல் எட்மண்ட் காப்ட் வடிவமைத்த வால்ஜூ 7750 மெஷினும் கேம்தான். அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது, எந்த ஊரிலும் கழற்றத் தெரிந்த ஆள் இருப்பார். கை அசைவில் சுழலும் எடைத்தகடான ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால்தான் கீ ஏறும், மறுபக்கம் சும்மா சுழலும். கையை உதறினால் உள்ளே ஏதோ உருளுவது போல இருக்கும். அது கோளாறில்லை. மேலே டாக்டருக்குச் சொன்ன ஸ்பீட்மாஸ்டரும் 1968ல் 861 மெஷின் வந்ததிலிருந்து கேம்தான்.

பார்க்க வேண்டியது வேறு. வாட்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கிரவுனும் (கீ கொடுக்கும் திருகு) இரண்டு பொத்தான்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் கிரவுன் மட்டும் தாழ்ந்திருந்தால், பெரும்பாலும் அது சாதாரண மெஷின்மேல் க்ரோனோகிராஃப் அடுக்கை ஏற்றி வைத்தது. ஓடும். ஆனால் பழுது வந்தால் பல இடங்களில் அடுக்கைப் பிரித்துப் பார்க்கவே மாட்டார்கள், முழுதாக மாற்று என்பார்கள். பில் வரும்போது உறைக்கும்.

பட்ஜெட் 6 லட்சம். மணிக்கட்டு 17.5 செ.மீ. பைக்கில்தான் ஆபீஸ், மழையிலும் போவேன். ஒரே வாட்ச், பத்து வருடம் கட்ட வேண்டும். (சென்னை, பெருங்குடி)

எல்லோரும் இந்தத் தம்பி மாதிரி எழுதினால் எனக்கு ஆயுசு கூடும். டியூடர் பிளாக் பே க்ரோனோ. 41 மி.மீ., 200 மீட்டர், திருகிப் பூட்டும் பொத்தான்கள். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலையும் ஓடிக்கொண்டிருக்கும், 70 மணி நேரச் சேமிப்பு. உள்ளே இருப்பது பிரைட்லிங் 2009ல் கொண்டுவந்த பி01ஐ அடிப்படையாகக் கொண்ட மெஷின். பதிலுக்கு டியூடரின் மூன்று முள் மெஷினைப் பிரைட்லிங் எடுத்துக்கொண்டது. கொண்டான் கொடுத்தான் சம்பந்தம் போல. குறை என்றால் தடிமன், 14 மி.மீ.க்கு மேல். முழுக்கைச் சட்டையின் பொத்தானைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மழைக்கு முன் வாட்ச்சின் பொத்தான்கள் திருகியிருக்கின்றனவா என்று ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.

ரோலக்ஸ் டேடோனாவுக்குக் கடையில் வரிசை என்கிறார்கள். வெளியே இரண்டு மடங்கு விலையில் உடனே கிடைக்கிறது. முதலீடாக நினைத்து வாங்கலாமா? (கோவை, மில் உரிமையாளர்)

முதலீடென்றால் பக்கத்து மில்லை வாங்குங்கள். டேடோனா நல்ல வாட்ச் என்பதில் சந்தேகமில்லை. 1988லிருந்து 2000 வரை ஜெனித் கம்பெனியின் எல் பிரிமேரோ மெஷினை வாங்கி, நொடிக்கு 10 துடிப்பை 8 ஆகக் குறைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2000ல் சொந்த மெஷின் 4130, 2023ல் அதன் திருத்தம் 4131. அதற்காக இரட்டை விலையா? அந்த இரண்டாவது மடங்கு வாட்ச்சுக்குள் எங்கேயும் இல்லை, விற்கிறவர் பையில் இருக்கிறது. அதே தொகையில் ஜெனித் க்ரோனோமாஸ்டர் ஸ்போர்ட்டும் வாங்கலாம், மீதியில் ஒரு ஸ்பீட்மாஸ்டரும் வாங்கலாம்.

இன்னொன்று. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட வாட்ச்சுக்கு விற்பவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், உங்கள் வருமான வரிக் கணக்கில் அது கழிந்துவிடும். விற்பவர் ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ பெறுவதற்குச் சட்டத்தில் தடை. "பில் வேண்டாம் சார், குறைத்துத் தருகிறேன்" என்கிறவரிடம் வாட்ச்சைக்கூடப் பார்க்காதீர்கள்.

பழைய வாட்ச் விற்பவரிடம் 1990களின் ஸ்பீட்மாஸ்டர் ஒன்று பார்த்தேன். புத்தம் புதிது போல மின்னுகிறது, ஒரு கீறல் இல்லை. விலையும் நியாயம். வாங்கலாமா? (சேலம்)

கீறல் இல்லை என்பதுதான் என் கவலை. முப்பது வருட வாட்ச்சில் கீறல் இல்லையென்றால் கீறலோடு சேர்த்து வாட்ச்சையும் தேய்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நம் ஊரில் இது நகைக்கடையிலிருந்து வந்த பழக்கம். கல்யாணத்துக்கு முன்னால் சங்கிலிக்கும் வளையலுக்கும் மெருகு போட்டு வாங்குவோம். அதே கையோடு வாட்ச்சையும் நீட்டுகிறோம். தங்கத்தில் போன தூளுக்காவது எடை பார்த்துச் சண்டை போடுவோம். ஸ்டீலில் போனதைக் கேட்க ஆளில்லை.

ஸ்பீட்மாஸ்டரின் காதுகளைப் பாருங்கள். ஸ்ட்ராப் மாட்டும் நான்கு கால்களைத்தான் காது என்கிறேன். அவை நேராக இல்லாமல் முறுக்கிக்கொண்டு இறங்கும். பக்கச் சுவரில் மெல்லிய கோடுகள் ஓடும் மங்கல் பரப்பு, மேலே கண்ணாடி போன்ற பளபளப்பு. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு விளிம்பு, இஸ்திரி போட்ட வேட்டி மடிப்பு மாதிரி கூர்மையாக, காதின் நுனி வரைக்கும் தொடர்ந்து போக வேண்டும். மெருகு போடும் பஃப் சக்கரத்தில் கொடுத்தால் முதலில் சாவது இந்த மடிப்புதான். அப்புறம் நான்கு காதும் நான்கு தடிமனுக்கு வரும். பின்மூடியின் எழுத்து ஆழம் குறையும். பொத்தான் குழலைச் சுற்றி உடம்பில் லேசான பள்ளம் தெரியும், அந்த இடத்தில் சக்கரம் நின்று தின்றிருக்கும். கடைசியில் பாதி கரைந்த குளியல் சோப்பு மாதிரி ஒன்று கையில் இருக்கும், மின்னிக்கொண்டு.

வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன். என் சொந்த க்ரோனோகிராஃப் ஒன்றை, உதிரிபாகம் என்னிடம் இல்லாத காரணத்தால், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் மாற்ற மட்டும் ஒரு பெரிய கடைக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வெல்வெட் பையில் வைத்து, "மெருகு இலவசமாகப் போட்டிருக்கிறோம் சார்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். இடது மேல் காதில் என் மகன் மூன்று வயதில் மொசைக் தரையில் போட்ட வடு ஒன்று இருந்தது. வடு போய்விட்டது. அதோடு விளிம்பும் போய்விட்டது. கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் கடைப் பையனுக்கு நல்லது செய்த திருப்தி. திட்டவும் மனசு வரவில்லை. போன ஸ்டீலை லேசர் வெல்டிங்கில் திரும்ப ஏற்றி வடிவம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது தெருமுனை வேலை இல்லை, செலவும் கொஞ்சநஞ்சமில்லை.

ஆகவே, அந்தச் சேலத்து வாட்ச்சில் மடிப்பு இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இல்லையென்றால் விலை நியாயம் இல்லை. இருந்தால் பொத்தானை அழுத்துங்கள். மேல் பொத்தான், ஓட வேண்டும். ஒரு நிமிடம் காத்திருந்து நிமிட முள் நகர்கிறதா என்று பாருங்கள். மறுபடி மேல் பொத்தான், நிற்க வேண்டும். கீழ்ப் பொத்தான், எல்லா முள்ளும் சரியாகப் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். ஓடும்போதே கீழ்ப் பொத்தானை அழுத்திப் பார்க்கும் விளையாட்டு வேண்டாம். ஓடும்போதே பூஜ்யத்துக்குத் திரும்பி மறுபடி ஓடும் ஃப்ளைபேக் வகைக்குத்தான் அது பொருந்தும்.

வாங்கியபின், எந்தக் கடையில் சர்வீசுக்குக் கொடுத்தாலும் ரசீதில் "பாலிஷ் போடக் கூடாது" என்று எழுத வைத்து, அவர்கள் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

க்ரோனோகிராஃபை எப்போதும் ஓடவிட்டால் கெடுமா? நடு முள் ஓடுவது அழகாக இருக்கிறது. (புதுச்சேரி)

வெர்டிகல் கிளட்ச் உள்ளதில் (டேடோனா, டியூடர், பிரைட்லிங் பி01) பெரிய தீங்கில்லை. லாரி கிளட்ச் போலத் தட்டோடு தட்டு ஒட்டிக்கொள்வதுதான். ஸ்பீட்மாஸ்டரில் பல்லோடு பல் கோக்கும், கூடுதல் சுமை, வீணாக ஓடவிடாதீர்கள். நடு முள் ஓடுவதுதான் அழகென்றால் மூன்று முள் வாட்ச்சிலேயே அது ஓடுகிறதே.

100 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. நீச்சல் குளத்தில் எத்தனை சுற்று என்று நேரம் பார்க்கலாம்தானே? (திருச்சி)

பார்க்கலாம், கரையில் இருப்பவர் கையில் வாட்ச் இருந்தால். தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தாதீர்கள். இதை நான் எத்தனையாவது முறை எழுதுகிறேன் என்று எனக்கே கணக்கில்லை. பொத்தான் உள்ளே போகும்போது ரப்பர் வளையமும் அசையும். அந்த நொடி போதும். டயலில் பூஞ்சை பிடித்த வாட்ச்சோடு என் மேசைக்கு வருகிற எல்லோரும் முதலில் சொல்வது, "100 மீட்டர்னு போட்டிருந்துச்சே!"

என் மணிக்கட்டு 15 செ.மீ. க்ரோனோகிராஃப் கேட்டால் "லேடீஸுக்கு இது வராது மேடம்" என்று கல் வைத்த வாட்ச்சைக் காட்டுகிறார்கள். (சென்னை, வழக்கறிஞர்)

கடையை மாற்றுங்கள் அம்மா. டயலின் அகலத்தை விடுங்கள், மேல் காது நுனியிலிருந்து கீழ்க் காது நுனி வரை எவ்வளவு என்று கேளுங்கள். அது உங்கள் மணிக்கட்டின் தட்டையான பகுதிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஜெனித் க்ரோனோமாஸ்டர் ஒரிஜினல் 38 மி.மீ.; நடு முள் 10 நொடியில் ஒரு சுற்று சுற்றி, நொடியில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும். எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும் வேகத்தை அளக்க உதவும். டாக் ஹோயர் கரெராவில் 39 மி.மீ. வந்திருக்கிறது, அதையும் கட்டிப் பாருங்கள். செயினில் இரண்டு கண்ணி கழற்றியபின் கட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள், தொளதொளவென்று கட்டிப் பார்த்தால் எந்த வாட்ச்சும் பெரிதாகத்தான் தெரியும்.

சிங்கப்பூரிலிருந்து மச்சான் வாங்கி வருகிறார். கையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் சுங்கத்தில் கேட்கமாட்டார்கள் இல்லையா? (தஞ்சாவூர்)

கேட்பார்கள். பறிமுதலும் செய்வார்கள். ரசீதோடு, வரிக்குரிய பொருள் கொண்டு வருவோருக்கான சிவப்பு வழியில் வந்து அறிவிக்கச் சொல்லுங்கள். மச்சானை மாட்டிவிட என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

ஓரத்தில் 60, 120, 500 என்று எண்கள் இருக்கின்றனவே, எதற்கு? (விழுப்புரம், கல்லூரி மாணவர்)

டாக்கிமீட்டர். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கிலோமீட்டர் கல் வரும்போது மேல் பொத்தானை அழுத்துங்கள், அடுத்த கல்லில் நிறுத்துங்கள். முள் காட்டும் எண்தான் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. 45 நொடி என்றால் 80. 30 நொடி என்றால் 120. அப்போது வாட்ச்சைப் பார்ப்பதை விட்டுவிட்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.