இன்னொரு டியூஷன் வேண்டாம், ஒரு நூலும் கல்லும் போதும்

உங்கள் கடிதத்தில் ஒரே கேள்வி மூன்று முறை வந்திருக்கிறது, அம்மா. பள்ளி மாணவர்களுக்கான சர்வதேசப் போட்டியான இயற்பியல் ஒலிம்பியாடின் பயிற்சி முகாமுக்கு மகள் தேர்வாகிவிட்டாள், தேசிய அணியில் இடம் கிடைக்க இன்னும் எந்த வகுப்பில் சேர்க்கலாம் என்று. எதிலும் சேர்க்க வேண்டாம். முகாம் வரை வந்த பிள்ளைக்குப் பாடம் தெரியும். சிக்கல் வருவது வேறு இடத்தில்.

சர்வதேசப் போட்டிக்கு ஒரு நாட்டிலிருந்து 5 பேர்தான் போகலாம். வேதியியல், உயிரியல் என்றால் 4 பேர். இயற்பியலில் இரண்டு தேர்வுகள், ஒவ்வொன்றும் 5 மணி நேரம். எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண், செய்முறைக்கு 20. அந்த 20-ஐ அலட்சியம் செய்கிறவர்கள்தான் அதிகம்.

என்னிடம் வந்த ஒரு மாணவன் கணக்கில் புலி. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்ட ஊசலைக் கொடுத்து அலைவு நேரம், அதாவது ஒருமுறை போய்த் திரும்பி வர ஆகும் நேரம், பார்க்கச் சொன்னேன். ஒரே ஒரு அலைவுக்கு ஸ்டாப்வாட்சை அமுக்கிவிட்டு எழுதிவிட்டான். விரல் முந்திப் பிந்தி அமுக்குவதிலேயே 0.2 நொடி பிழை வரலாம். 20 அலைவுக்கு எடுத்து 20-ஆல் வகுத்தால் அந்தப் பிழை 0.01 நொடிக்கு இறங்கிவிடும். அவனுக்கு இது தெரியாதா என்ன? தெரியும், கைக்குத்தான் வரவில்லை.

அதனால் வீட்டில் ஒரு நூல், ஒரு கல், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச், கொஞ்சம் கிராஃப் தாள், இவ்வளவு இருந்தால் போதும். நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்து, சாய்விலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கட்டும். நொடிக்கு நொடி 9.8 மீட்டர் என்ற விடை வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அவளே எழுதட்டும். பக்கத்தில் உட்கார்ந்து திருத்தாதீர்கள், அதுதான் உங்களுக்குக் கஷ்டமான வேலை.

ஆங்கிலம் சரளமாக வராதே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். சர்வதேசப் போட்டியில் அணித் தலைவர்கள் முந்தைய இரவு கண்விழித்து, வினாத்தாளைத் தங்கள் மாணவர்களின் மொழிக்கே மாற்றித் தரலாம். வினா வெளியே கசியக்கூடாது என்பதால் அப்போது பிள்ளைகளின் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். நாலு நாள் அவள் பேசவில்லை என்றால் பதறாதீர்கள்!

இந்த முறை இடம் கிடைக்காமலும் போகலாம். நாலைந்து இடத்துக்கு நடக்கும் போட்டியில் ஒரு வரைபடத்தில் அலகு எழுத மறந்தாலே வரிசை மாறிவிடும். போட்டி ஆண்டின் ஜூன் 30 அன்று 20 வயது ஆகியிருக்கக் கூடாது, பல்கலைக்கழகப் படிப்பைத் தொடங்கியிருக்கவும் கூடாது என்பது விதி. அவள் பதினொன்றாம் வகுப்புதான் என்பதால் சர்வதேச விதிப்படி அடுத்த ஆண்டும் தகுதி உண்டு. ஆனால் அதற்காகப் பள்ளித் தேர்வைக் கைவிட விடாதீர்கள், மேற்படிப்புக்கு அந்த மதிப்பெண்ணும் வேண்டும்.

சரி, இந்த வாரமே ஊசலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், எவ்வளவு வந்தது என்று.